மருந்தே எமன் ஆகலாமா?

வியாதி ஒரு பக்கம் கொல்கிறது. அதற்குக் கொடுக்கும் மருந்து மறு பக்கம் வாட்டுகிறது. நடுவில் சிக்கிக் கொண்டவன் ஏழைக் கூலிக்காரன். பீகார் மாநிலத்தின் வட பகுதியில் பல ஆண்டு காலம் இதுதான் நிலைமை.

அந்த வியாதியின் பெயர் "காலா அசார்". காலா என்றால் கறுப்பு. அசார் என்றால் நோய். காய்ச்சல் வாரக் கணக்கில் விடாது. கை கால்கள் குச்சியாக இளைத்துப் போகும். வயிறு மட்டும் பானை போல் உப்பும். உள்ளே மண்ணீரல் வீங்குவதுதான் அதற்குக் காரணம். தோலும் கறுத்துப் போகும். சிகிச்சை செய்யாமல் விட்டால் 100 பேரில் 95 பேருக்கு மேல் பிழைப்பதில்லை.

நோயைப் பரப்புவது மணல் ஈ. கொசுவில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். அதற்கு நெடுந்தூரம் பறக்கத் தெரியாது. தத்தித் தத்திப் போகும். மண் சுவரின் வெடிப்பிலும் மாட்டுக் கொட்டகையின் ஈரத்திலும் குடியிருக்கும். பொழுது சாய்ந்ததும் வந்து கடிக்கும். சிமெண்டு பூசிய மாடி வீட்டில் அதற்கு வேலை குறைவு. குடிசையில் வெறுந் தரையில் படுத்துத் தூங்குகிறவனின் ரத்தத்தில்தான் அது நோயை விதைக்கிறது.

சென்னையில் பிடிபட்ட கிருமி

இந்தக் கிருமி பிடிபட்ட கதையில் சென்னைக்கும் பங்கு உண்டு. பலருக்கு இது தெரியாது.

அந்தக் காலத்தில் சென்னை நகரத்திலும் இந்தக் காய்ச்சல் இருந்தது. சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் சார்லஸ் டோனோவன் என்ற அயர்லாந்து வம்சத்து டாக்டர் வேலை பார்த்தார். மெடிகல் காலேஜில் பாடமும் சொல்லிக் கொடுத்தார். 1903-ம் ஆண்டில், காய்ச்சலால் இறந்தவர்களின் மண்ணீரலை எடுத்து பூதக் கண்ணாடியில் பார்த்தார். மலேரியாக் கிருமி போல் இல்லாத, முட்டை வடிவமான சின்னஞ்சிறு உருவங்கள் தெரிந்தன. உயிரோடு இருந்த ஒரு சிறுவனின் மண்ணீரலில் இருந்து எடுத்த ரத்தத்திலும் அவை இருந்தன. அதே ஆண்டில், சில வாரம் முன்னதாக, இங்கிலாந்தில் லீஷ்மன் என்ற ராணுவ டாக்டரும் இதைப் பற்றி எழுதியிருந்தார். கல்கத்தா அருகே டம்டம்மில் இருந்து திரும்பி இறந்து போன ஒரு சிப்பாயின் உடலில் அவர் அதைக் கண்டார். யார் முதலில் என்று சண்டை மூளாதபடி, ரொனால்டு ராஸ் இரண்டு பேர் பெயரையும் சேர்த்து "லீஷ்மேனியா டோனோவானி" என்று கிருமிக்குப் பெயர் சூட்டினார்.

எதிரி யார் என்று தெரிந்து விட்டது. எதைக் கொண்டு அடிப்பது?

விஷத்தை விஷத்தால்

கல்கத்தாவில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி என்ற டாக்டர் இருந்தார். காம்பெல் ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன அறைதான் அவருடைய ஆராய்ச்சி சாலை. குழாய்த் தண்ணீர் கிடையாது. மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் உழைத்தார். 1920-களின் தொடக்கத்தில் "யூரியா ஸ்டிபமைன்" என்ற மருந்தைக் கண்டு பிடித்தார். எத்தனையோ பேர் அதனால் உயிர் பிழைத்தார்கள்.

ஆனால் அந்த மருந்தின் அடிப்படை என்ன? ஆண்டிமனி என்ற உலோகம். அஞ்சனக் கல்லில் இருப்பது அதுதான். உடம்புக்கு அது விஷம். பின்னால் வந்த ஆண்டிமனி ஊசிகளும் அப்படியே. இருபது, முப்பது நாள் தினம் ஒரு ஊசி போட வேண்டும். சிலருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகும். காய்ச்சல் போய், ஆளும் போன சம்பவங்கள் உண்டு.

ஒட்டுண்ணி வியாதிகளுக்கு இது ஒரு சாபக்கேடு போலும். ஆப்பிரிக்காவின் தூக்க வியாதிக்கு நெடுங்காலம் பாஷாணம் கலந்த ஊசி போட்டார்கள். அது ரத்தக் குழாயில் ஏறும் போது நெருப்பு பாய்வது போல் எரியும். ஊசி போட்ட 100 பேரில் ஐந்து பேர் ஊசியாலேயே இறந்தார்கள்! பணக்கார நாட்டு வியாதியாக இருந்தால் அந்த ஊசியை அத்தனை காலம் விட்டு வைத்திருப்பார்களா?

காலா அசாருக்கு வருவோம். மலேரியாவை ஒழிக்க வீடு வீடாக டி.டி.டி. அடித்ததில் மணல் ஈயும் செத்தது. 1960-களில் காலா அசார் கிட்டத்தட்ட மறைந்தே போனது. மருந்து அடிப்பதை நிறுத்தியதும், 1970-களில் பீகாரில் மறுபடி தலை தூக்கியது. 1992-ல் இந்தியாவில் 77,102 பேரைப் பிடித்தது. அந்த ஓர் ஆண்டில் 1,419 பேர் இறந்தார்கள். இது சர்க்கார் கணக்கில் வந்தது மட்டும்.

இதற்குள் கிருமி ஆண்டிமனிக்குப் பழகி விட்டது. வட பீகாரில் ஊசி போட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் குணம் ஆகவில்லை. ஆட்டை விற்று, நிலத்தை அடகு வைத்து வாங்கிய ஊசி வீணாயிற்று.

ஆம்போ பயங்கரம்

அடுத்து வந்த ஆயுதம் "ஆம்போடெரிசின் பி". வெனிசுலா நாட்டில் ஓரினோகோ ஆற்றங்கரை மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரில் இருந்து 1950-களில் எடுத்த மருந்து. பூஞ்சக் காளான் நோய்க்குத்தான் முதலில் கொடுத்தார்கள். காலா அசார் கிருமியையும் அது கொன்றது.

எப்படிக் கொல்கிறது? கிருமியின் மேல் தோலில் "எர்கோஸ்டெரால்" என்ற கொழுப்பு இருக்கிறது. மருந்து அதைப் பற்றிக் கொண்டு, தோலில் ஓட்டை போடுகிறது. ஓட்டைக் குடத்தில் இருந்து தண்ணீர் ஒழுகுவது போல, கிருமியின் உள்ளே இருப்பது ஒழுகி, கிருமி சாகிறது. மனித உடலின் அணுக்களில் இருப்பது கொலஸ்டிரால். இரண்டும் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி மாதிரி. முகச் சாயல் ஒன்று. மருந்து சில சமயம் ஆள் தெரியாமல் இதையும் பிடித்துக் கொள்கிறது. முக்கியமாகச் சிறுநீரகம் அடிபடுகிறது.

மருந்து உடம்பில் ஏறிய சிறிது நேரத்தில் குளிர் காய்ச்சல் வந்து கட்டில் அதிரும்படி ஆளை உதறும். வாந்தி வரும். உடம்பில் பொட்டாசியம் சத்து இறங்கி விடும். அமெரிக்க டாக்டர்கள் மருந்தின் பெயரையே திருகி "ஆம்போ டெரிபிள்", அதாவது ஆம்போ பயங்கரம், என்று சொல்வார்கள். டாக்டர்களுக்கு வேடிக்கை. கட்டிலில் கிடப்பவனுக்கு வேதனை.

இதை ஒரு நாள் விட்டு ஒரு நாள், 15 தடவை ஏற்ற வேண்டும். அதாவது ஒரு மாதம் ஆஸ்பத்திரி வாசம். அடிக்கடி ரத்தம் எடுத்துச் சோதிக்க வேண்டும். அன்றாடம் கூலி வாங்கினால்தான் அடுப்பு எரியும் வீட்டில், ஒருவன் ஒரு மாதம் கட்டிலில் கிடந்தால் என்ன ஆகும்? துணைக்கு மனைவியும் இருந்தால் இரண்டு கூலி போயிற்று. வீட்டில் குழந்தைகளை யார் பார்ப்பது? பாதியில் எழுந்து ஊருக்குப் போனவர்களைக் குறை சொல்ல முடியாது. அப்படிப் பாதி மருந்தோடு போனவன் உடம்பில் கிருமி மிச்சம் இருக்கும். மணல் ஈ அவனைக் கடித்து அடுத்த வீட்டுக்காரனைக் கடிக்கும்.

நடுவில் ஒரு மாத்திரையும் வந்தது. "மில்டிபோசின்" என்று பெயர். முதலில் புற்று நோய்க்காக ஆராய்ந்த மருந்து. 2002-ல் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. ஊசி இல்லை, ஆஸ்பத்திரி இல்லை, 28 நாள் வீட்டிலேயே விழுங்கலாம். நல்லதுதான். ஆனால் கருவில் இருக்கும் குழந்தைக்கு அது ஆபத்து. கர்ப்பிணிக்குக் கொடுக்கக் கூடாது. கல்யாணமான பெண் அதைச் சாப்பிடும் போதும், அதற்குப் பிறகு சில மாதமும் கர்ப்பம் தரிக்கக் கூடாது. வாந்தியும் வரும். கொஞ்சம் தேறியதும் மாத்திரையை நிறுத்தி விடுகிறவர்கள் வேறு. பெண்களுக்கு ஒரு மருந்து, ஆண்களுக்கு ஒரு மருந்து என்று கிராமத்து ஆஸ்பத்திரியில் எத்தனை நாள் நடத்த முடியும்?

கொழுப்புப் பையில் விஷம்

விமோசனம் எங்கே இருந்தது தெரியுமா? புது மருந்தில் அல்ல. பழைய மருந்தை உள்ளே அனுப்பும் முறையில்!

1960-களில் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பக்கம் அலெக் பாங்கம் என்ற விஞ்ஞானி ஒரு விசித்திரம் கண்டார். ஒரு வகைக் கொழுப்பைத் தண்ணீரில் போட்டால், அது தானாகவே சின்னச் சின்னப் பைகளாகச் சுருட்டிக் கொள்கிறது. அந்தப் பைக்கு "லைப்போசோம்" என்று பெயர் வந்தது. அவர் மருந்து தேடிப் போகவில்லை. அணுவின் தோல் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கப் போனார். பை கிடைத்தது.

பை இருந்தால் அதற்குள் எதையாவது போடலாம் அல்லவா? 1970-களின் கடைசியில் காலா அசார் கிருமி பிடித்த எலி இனப் பிராணிகளுக்குப் பையில் வைத்து ஆண்டிமனி கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு ஆம்போடெரிசினை வைத்தார்கள். சோயாவில் இருந்து எடுத்த கொழுப்பு, கொலஸ்டிரால் இவற்றால் ஆன பை. ஒரு தலைமுடியின் குறுக்கே ஏறக்குறைய ஆயிரம் பைகளை வரிசையாக அடுக்கலாம். அவ்வளவு சிறிது.

இதில் ஒரு பெரிய சாமர்த்தியம் இருக்கிறது. காலா அசார் கிருமி எங்கே ஒளிந்திருக்கிறது? உடம்பின் காவல்காரர்களான "விழுங்கும் அணுக்கள்" இருக்கின்றனவே, அவற்றின் வயிற்றுக்குள்ளேயே! திருடன் போலீஸ் ஸ்டேஷனிலேயே குடியிருக்கிற மாதிரி. ரத்தத்தில் அன்னியப் பொருள் எது வந்தாலும் பிடித்து விழுங்குவது அந்த அணுக்களின் வேலை. கொழுப்புப் பையையும் அவை அன்னியப் பொருள் என்று நினைத்து விழுங்குகின்றன. மண்ணீரலிலும், ஈரலிலும், எலும்பு மஜ்ஜையிலும் இந்த அணுக்கள் நிறைய உண்டு. கிருமியும் அங்கேதான் இருக்கிறது. விஷம் நேரே திருடன் ஒளிந்திருக்கும் அறைக்கே போய்ச் சேருகிறது! வழியில் சிறுநீரகத்துக்குக் கெடுதல் மிகக் குறைவு. அதனால் ஒரே தடவையில் அதிக அளவு மருந்தை ஏற்றலாம்.

பீகாரில் முசாபர்பூரில் பனாரஸ் இந்து பல்கலைக் கழக டாக்டர் ஷியாம் சுந்தரும் அவர் குழுவினரும் இதைச் சோதித்தார்கள். 304 பேருக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் ஒரே ஒரு தடவை பை மருந்து ஏற்றினார்கள். 108 பேருக்குப் பழைய மருந்தை 15 தடவை ஏற்றினார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்ததில், ஒரே தடவை ஏற்றியவர்களில் 100-க்கு 95.7 பேர் குணம். பழைய மருந்தில் 96.3 பேர். ஏறக்குறைய சமம்! முடிவு 2010-ல் வெளி வந்தது.

29 நாள் சிகிச்சை ஒரு நாளில் முடிந்தது. காலையில் வந்து படுத்தவன் மறு நாள் வீட்டுக்குப் போகலாம்.

மலிவு எது?

"ஏழை நாட்டுக்கு இவ்வளவு விலை உயர்ந்த மருந்து எதற்கு?" என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி அது. ஒரு குப்பியில் 50 மில்லிகிராம். 35 கிலோ எடை உள்ளவருக்கு 7 குப்பி. ஏழை நாடுகளுக்கென்று குறைத்த விலை குப்பி 18 டாலர். மொத்தம் 126 டாலர். அன்றைய மதிப்பில் ஐயாயிரத்துச் சொச்சம் ரூபாய். பழைய மருந்தின் குப்பி மலிவு. ஆனால் ஒரு மாதக் கட்டில், சாப்பாடு, சோதனை, நர்சு, எல்லாம் சேர்த்தால்? ஒரு நாள் சிகிச்சைதான் மலிவு என்று அந்த ஆராய்ச்சியிலேயே தெரிந்தது.

மருந்தின் விலையைக் குப்பி மேல் ஒட்டிய சீட்டில் பார்க்கிற பழக்கம் ஆபீசு அதிகாரிகளுக்கு உண்டு. கூலி போன கணக்கும், அடகு வைத்த மூக்குத்தியின் கணக்கும் அந்தச் சீட்டில் வராது.

2011-ல் உலக சுகாதார நிறுவனத்துடன் கிலியட் கம்பெனி ஓர் ஒப்பந்தம் செய்தது. தன்னுடைய "ஆம்பிசோம்" மருந்து 4,45,000 குப்பிகளை இலவசமாகக் கொடுக்க முன் வந்தது. பின்னாலும் ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது. 2014-ல் இந்திய சர்க்கார் ஒரு நாள் சிகிச்சையையே முதல் சிகிச்சையாக ஏற்றது. வீடுகளில் பூச்சி மருந்து அடிப்பதும், கிராமம் கிராமமாக நோயாளிகளைத் தேடுவதும் கூடவே நடந்தன. பலன்? 1992-ல் 77,000-க்கு மேல் இருந்த எண்ணிக்கை, 2023-ல் சில நூறுக்கு இறங்கியது. பங்களாதேஷ் அதே 2023-ல் காலா அசாரை ஒழித்த முதல் நாடு என்று உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது.

தானம் எத்தனை நாள்?

இங்கேதான் யோசிக்க வேண்டியது இருக்கிறது. ஒரு நாட்டின் ஏழைகள் உயிர், ஓர் அன்னியக் கம்பெனியின் தானத்தில் தொங்கலாமா? கொடுத்த கை நல்ல கை. அதில் சந்தேகம் இல்லை. ஆனால் கை எப்போதும் நீண்டே இருக்கும் என்று யார் உத்தரவாதம் தர முடியும்?

2021-ம் ஆண்டு மே மாதத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கொரோனாவில் பிழைத்தவர்களைக் கறுப்புப் பூஞ்சை பிடித்தது. கண்ணை எடுத்தார்கள், தாடையை எடுத்தார்கள். அதற்கும் மருந்து இதே ஆம்போடெரிசின்தான். சென்னை, மதுரை, கோவை என்று பாராமல் ஜனங்கள் மருந்துச் சீட்டைக் கையில் பிடித்துக் கொண்டு கடை கடையாக அலைந்தார்கள். குப்பி கிடைக்கவில்லை. சர்க்கார் அவசரம் அவசரமாக மேலும் 5 கம்பெனிகளுக்கு லைசென்ஸ் கொடுத்தது. வெளி நாட்டில் இருந்தும் வரவழைத்தது. வீடு பற்றிக் கொண்ட பிறகு வெட்டிய கிணறு அது.

இந்தியாவில் இதைச் செய்யத் தெரியாதா? தெரியும். இந்தியாவிலேயே உருவான பை மருந்தும் உண்டு. 2021 டிசம்பரில் இந்தியக் கம்பெனியான சன் பார்மாவின் பை மருந்துக்கு அமெரிக்க சர்க்காரே அனுமதி கொடுத்தது. ஆனாலும் இது எளிய வேலை அல்ல. ஒரே அரிசி, ஒரே உளுந்துதான். ஒரு வீட்டு இட்லி பூவாக இருக்கிறது, மறு வீட்டு இட்லி கல்லாக இருக்கிறது. பக்குவம்தான் காரணம். பையும் அப்படித்தான். சரக்கு ஒன்றாக இருந்தாலும், பையின் அளவும் கட்டும் மாறினால் விஷம் வழியிலேயே கசிந்து விடும். ஆகவே உள் நாட்டுக் குப்பிகளைக் காலா அசார் நோயாளிகளிடம் ஒழுங்காகச் சோதித்து, தரம் பார்த்து, தேறியதைச் சர்க்கார் முன் கூட்டியே ஒப்பந்தம் போட்டு வாங்கி இருப்பு வைக்க வேண்டும். நோயாளிகள் குறைந்து விட்டார்கள், இனி எந்தக் கம்பெனி லாபத்துக்காக இதைச் செய்யும்? சர்க்கார் வாங்கினால்தான் செய்யும்.

குப்பி இருந்தால் மட்டும் போதாது. ஆம்பிசோமை 25 டிகிரி வெப்பத்துக்குக் கீழே வைக்க வேண்டும். பீகார் கோடையில் 40 டிகிரியைத் தாண்டும். உறையவும் விடக் கூடாது. உப்புத் தண்ணீர் பாட்டிலில் கலந்தால், எலுமிச்சம் பழம் பிழிந்த பால் போல் மருந்து திரிந்து விடும். குளுக்கோஸ் தண்ணீரில்தான் கலக்க வேண்டும். கரண்டு நிற்காத குளிர்ப் பெட்டியும், கலக்கத் தெரிந்த நர்சும் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தால்தான் விஞ்ஞானியின் உழைப்பு நோயாளியின் ரத்தத்துக்குப் போய்ச் சேரும். விஞ்ஞானியைப் பாராட்டுகிறவர்கள் அந்த நர்சை மறந்து விடுகிறார்கள்.

தோலில் மிச்சம்

இன்னொரு சங்கடம். காய்ச்சல் குணமாகி, சில மாதமோ சில வருஷமோ கழித்து, சிலருக்கு முகத்திலும் உடம்பிலும் வெளுத்த தேமல், முடிச்சு தோன்றுகிறது. வலி இல்லை. வேலைக்குப் போகலாம். ஆகவே யாரும் டாக்டரிடம் போவதில்லை. ஆனால் அந்தத் தேமலில் கிருமி உயிரோடு இருக்கிறது. மணல் ஈ அவரைக் கடித்தால் கிருமியை எடுத்துப் போய் ஊருக்குப் பரப்பும். அதற்கு மில்டிபோசின் மாத்திரையை 12 வாரம் கொடுக்கிறார்கள். வலியே இல்லாத தேமலுக்கு மூன்று மாதம் வாந்தி மாத்திரை! அத்தனை காலம் சாப்பிட்டால் கண்ணுக்கும் கெடுதல் வரக் கூடும். அதைக் கவனித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ரத்தத்துக்குப் பை கண்டு பிடித்தது போல், தோலுக்கு ஏற்ற பாதுகாப்பான வழி ஒன்றைக் கண்டு பிடிப்பது இப்போது அவசரமான வேலை.

ஒழிப்பு என்று சொல்வதன் பொருள் என்ன? ஒரு வட்டாரத்தில் ஓர் ஆண்டில் 10,000 பேருக்கு ஒருவருக்கும் குறைவாக நோய் காண வேண்டும். மூன்று ஆண்டு அப்படியே நீடிக்க வேண்டும். இந்தியா முதலில் 2010-க்குள் ஒழிப்போம் என்றது. பிறகு 2015 என்றது. 2017 என்றது. 2020 என்றது. 2023-ல்தான் எல்லா வட்டாரமும் கோட்டுக்குக் கீழே வந்தன. எண்ணிக்கை இறங்கியதும் பணத்தைக் குறைப்பதும், ஆட்களை வேறு வேலைக்கு அனுப்புவதும் ஆபீசுகளின் வழக்கம். 1960-களில் டி.டி.டி. அடிப்பதை நிறுத்தியவர்களும் நோய் போய் விட்டது என்றுதான் நினைத்தார்கள்.

கிழக்கு ஆப்பிரிக்காவில் கதை இன்னும் மோசம். சூடான், எத்தியோப்பியா நாடுகளில் பீகாரின் ஒரு நாள் மருந்தைச் சோதித்துப் பார்த்தார்கள். போதிய குணம் தெரியவில்லை. சோதனையைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. கிருமி இனம் ஒன்றுதான். ஆனால் அந்த ஊர் வகை வேறு. அங்கே ஆண்டிமனி ஊசியும் பரோமோமைசின் ஊசியும் சேர்த்து 17 நாள் போட்டு வந்தார்கள். குழந்தைகளுக்கும் தினம் இரண்டு ஊசி. 2022-ல் உலக சுகாதார நிறுவனம், 14 நாள் மில்டிபோசினும் பரோமோமைசின் ஊசியும் போதும் என்று சிபாரிசு செய்தது. மூன்று நாளும், பாதி ஊசியும் குறைந்திருக்கின்றன. தினம் ஒரு ஊசி இன்னும் பாக்கி இருக்கிறது. ஊசியே இல்லாமல் வாயால் சாப்பிடும் புது மருந்துகள் சோதனையில் இருக்கின்றன.